தீவில் கூடிய கூட்டம்

வாட்ச்மேன் பாண்டுரங்கின் கூண்டுக்கு மழைக்கு முன் கூரை போடவேண்டும். ஆனால், அதற்குத் தீர்மானம் போட நிக்டி குடியிருப்பில் கூட்டிய மூன்று கூட்டங்களுக்கும் போதிய ஆள் வரவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் ரவிசந்திரன், "காய்ச்சல்" என்று செயலாளர் முகைதீனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, கைபேசியில் வந்த சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்து, மனைவி பார்கவியுடன் ஆளில்லாத் தீவுக்குப் படகேறினார்.

மலைப்பாதை ஏறினால், இடிந்த ராணுவக் காவல்கூண்டருகே குடியிருப்பே அசடு வழிய நின்றது.

"உங்களுக்கும் காய்ச்சலா சார்?" என்றார் மாடி வீட்டு நிர்மல்.

"ஏங்க, அங்க பாருங்க, செயலாளர்!" என்றாள் பார்கவி.

"பாய், நீங்க எப்படி இங்க?" என்றார் ரவிசந்திரன்.

முகைதீன் தீர்மான நோட்டைப் பிரித்தார். "இந்தச் சுற்றுலா விளம்பரத்தை எல்லாருக்கும் அனுப்புனதே நான்தான். அல்லா மன்னிக்கணும். கூரைத் தீர்மானம் நிறைவேறினாத்தான் திரும்பிப் போகப் படகு வரும். கை தூக்குங்க."

ரவிசந்திரன் இரண்டு கைகளையும் தூக்கினார்.