பாலனின் கம்பளிச் சட்டை

கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குள் கிறிஸ்துமஸ் குடில் ஏறக்குறையத் தயாராகிவிட்டது. ஜன்னல் வழியே பனிமூட்டம் நுழைகிறது. தோட்டத்துத் துரைசாணி கொடுத்த வெள்ளைக் கம்பளி நூலில் செசிலி பின்னிய சட்டையைக் குடிலில் கிடத்திய பாலன் சுரூபத்துக்கு உடுத்தியிருக்கிறார்கள். குடிலுக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் செசிலியின் மடியில் அவளுடைய கைக்குழந்தை பழஞ்சேலைச் சுற்றுக்குள் காய்ச்சலில் நடுங்குகிறது. மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரி ஐயாவைக் கூட்டிவரப் போன கணவன் இன்னும் திரும்பவில்லை. அவள் எழுந்து போய்ச் சுரூபத்தின் சட்டையைக் கழற்றுகிறாள்.

"என்னம்மா செய்ற? சாயங்காலம் துரைசாணி பாக்க வருவாங்க," என்கிறார் குடிலில் வைக்கோல் பரப்பும் கோயில் உபதேசியார்.

"வரட்டும்ங்க."

குழந்தையின் கைகளைச் சட்டைக்குள் நுழைக்கிறாள். அளவு சரியாக இருக்கிறது. உபதேசியார் வெற்றுடம்போடு கிடக்கும் பாலனைப் பார்க்கிறார். பிறகு போய், பனி உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்துகிறார். செசிலி பொத்தான்களைப் போட்டுக் குழந்தையை மார்போடு அணைக்கிறாள். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.