இடது மட்கார்டு

"மாடு குறுக்க வந்துருச்சுங்க," என்று மயில்சாமி தன் பழைய ஃபியட் காரை ராயபுரம் பட்டறையில் விட்டபோது, இடது மட்கார்டு கசங்கிக் கிடந்தது. "முழு வண்டியையும் பழைய அழகுக்குக் கொண்டாந்திருங்க. மட்கார்டு மாத்துனது ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுங்க."

"செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாதுண்ணே," என்றான் பட்டறைக்காரன் ஜெபக்குமார்.

வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் அவன் பட்டறையிலேயே கிடந்த நாட்கள் அவை. வெறும் தகரத்தைத் தட்டித் தட்டி வளைத்தான். பானட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி நூல் பிடித்ததுபோல் வரும்வரை விடவில்லை. பழையதைத் துண்டு போட்டு இரும்புக் கடைக்கு அனுப்பினான்.

அடுத்த மாதம் மயில்சாமியின் வீட்டு வாசலில் அதே மட்கார்டை இன்ஸ்பெக்டர் விரலால் தடவிப் பார்த்தார். மயில்சாமி கைகட்டி நிற்க, இன்ஸ்பெக்டர் ஜெபக்குமாரிடம் திரும்பினார்.

"போன மாசம் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிஞ்சு வந்த உன் பொண்டாட்டிய இடிச்சுக் கொன்ன வண்டின்னு டீக்கடைக்காரர் சொன்ன நம்பர் இதுதான். ஆனா இடிச்ச தடமே இல்லையேப்பா. எல்லாம் கம்பெனித் தகரம்."

"ஐயா, அது நான் அடிச்ச தகரம்யா!"

"ஆத்திரத்துல என்ன வேணா சொல்லுவே. அப்போ பழசு எங்க, காட்டு."



ஜீப் கிளம்பியதும் மயில்சாமி நெருங்கி வந்து, மரியாதையாகவே சொன்னார்: "கண்டுபிடிக்க முடியாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"