பதினைந்தாவது ஆள்

இடைவேளை முடிந்துவிட்டது. கடலிலிருந்து வரும் தூறல் மைதானத்தின் சுண்ணாம்புக் கோடுகளைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. உள்நாட்டுப் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள்கூட ஒரே சட்டை போட்டு ஆடிய 'கேலிக்' என்னும் ஐரிஷ் கால்பந்துக் கிளப் எங்கள் கில்பாரன். பதினைந்து பேர் ஆட வேண்டிய இடத்தில் இன்று பதினாலு பேர்தான் நிற்கிறோம். இரண்டாம் பாதி தொடங்குவதற்குள் இன்னொருவன் வராவிட்டால் ஆட்டம் போச்சு; ஆள் சேராத கிளப் என்று, எதிரே நிற்கும் இந்த டிரம்லீக்காரர்களோடு எங்களை இணைத்துவிடுவார்கள். நடுவர் விசிலை உதட்டில் வைக்கிறார். கல்சுவருக்கு அப்பால் டிராக்டர் ஒன்று உறுமுகிறது. "ஐயா, ஒரு நிமிஷம்! ஃபின்டன் வந்துட்டான்!" என்று கத்துகிறார் பயிற்சியாளர் மாலக்கி. நடுவர் குனிந்து, இறுக்கமாகவே இருக்கும் ஷூக் கயிற்றை அவிழ்த்து, நிதானமாகக் கட்டத் தொடங்குகிறார். ஃபின்டன் சுவரேறிக் குதிக்கிறான். தோள்வரை ரத்தமும் வைக்கோலும். "கன்னுக்குட்டி கால் உள்ளயே மாட்டிக்கிச்சு, நான் என்ன பண்றது?" மாலக்கி வீசிய சட்டைக்குள் அவன் தலை நுழைகிறது. "பசு பொழைச்சுதாடா?" கேட்பவன், ஆட்டம் முழுக்க அவனை மறித்து நிற்க வேண்டிய டிரம்லீ டெக்லன். "ரெண்டும் நல்லாருக்கு." "அப்பாடா," என்று டெக்லன் முகத்து மழையை வழித்துவிடுகிறான். "வா, இப்ப உன் காலை ஒடைக்கிறேன்."