கறுப்பு ரிப்பன்

"உன் களவு அந்தக் கறுப்பு ரிப்பன்ல அப்படியே பதிஞ்சிருக்குடி!" விஜேந்திரன் நிலுஷாவைப் பார்த்துக் கத்தி மேசையில் அறைந்த அறையில், ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் காளிதாஸின் தேநீர் ஃபைல்களின் மேலெல்லாம் சிந்தியது.

கொடகவெலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஃபெக்டரி அது. நாற்பது மூட்டை மலிவான டஸ்ட் தூளுக்கு உயர்ந்த ரகத்தின் லேபலை ஒட்டி ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்று தேயிலை வாங்கும் கொழும்புக்காரர்கள் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்து மேனேஜர் துரை காளிதாஸைக் கூப்பிட்டுக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். மாலைக்குள் ஓர் ஆளை வேலையை விட்டுத் தூக்க வேண்டும், இல்லையென்றால் காளிதாஸ் பெட்டியைக் கட்ட வேண்டும்.

லேபல் அடிக்கும் அறைக்குச் சாவி இரண்டே பேரிடம்தான். ஒருவன், கொழும்பில் மூன்று நாள் பயிற்சி முடித்துவிட்டு வந்த மேற்பார்வையாளர் விஜேந்திரன். மற்றவள், லேபல் மெஷினோடு தினமும் மாரடிக்கும் நிலுஷா. அவள் யூனியனில் சேர்ந்த நாளிலிருந்தே காளிதாஸுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

"வேல போனா லயத்துக் காம்பராவும் போகும். தெரியுமில்ல?" என்றார் காளிதாஸ்.

"தெரியுங்க ஐயா. அம்மாவக் கூட்டிக்கிட்டுத் தெருவுலதான் நிக்கணும்."

திரும்பி வந்த லேபல் ஒன்றை அவள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டிய இடமெல்லாம் கறுப்புக் கோடு விழுந்தது. பேசும்போது கையைச் சும்மா வைத்திருக்க முடியாதா இவளுக்கு என்று காளிதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரிண்ட் ஹெட் சூடாகி ரிப்பனை அழுத்தும் ஐயா. கீழ பிளேட்டன் ரோலர் லேபல இழுக்கும். கார்பன் பேப்பர் மாதிரி, அடிச்சது அத்தனையும் ரிப்பன்ல தங்கிரும்" என்று விஜேந்திரன் அடுக்கிக்கொண்டே போனான்.

காளிதாஸுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. மெஷின் வந்து இரண்டு மாதமாகியும் அவர் அதன் மூடியைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் இவ்வளவு தெரிந்தவன் பொய்யா சொல்லப்போகிறான்?

"ஒங்க கண்ணால பாத்தீங்களா?" நிலுஷா கேட்டாள்.

"நேத்துச் சாயங்காலம் நானே கழட்டி, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். நாப்பது லேபலும் வரிசையா இருக்கு. செவ்வாக்கெழம, நீ மட்டும் வேல செஞ்ச நேரம்!"

"அத எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"ஒண்ணென்ன, நூறு போடுவேன்!" காளிதாஸின் பேனையைப் பிடுங்கி, தாள் கிழிகிற மாதிரி எழுதினான் விஜேந்திரன். ரிப்பனைக் கழற்றியது, எண்ணிப் பார்த்தது, ஒன்று விடவில்லை. கீழே காளிதாஸும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா, ஆள் கிடைத்துவிட்டது என்று அவருக்கு மூச்சு வந்தது.

டைப் அடித்து வைத்திருந்த பணிநீக்கக் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "வாங்கிக்கிட்டு நடையக் கட்டு. இங்க நின்னு அழுது கூத்தடிக்காத."

நிலுஷா அழவில்லை. கடிதத்தைத் தொடவுமில்லை. விஜேந்திரன் எழுதிய தாளை எடுத்து நான்காக மடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வந்து மூடியத் தொறந்து பாருங்க ஐயா. சூடு பட்டா லேபல் தாளே கறுத்துரும், அந்த மெஷினுக்கு ரிப்பனே கெடையாது."