டாக்டர் திருப்பிய பக்கம்

எக்கோ மெஷினில் பதித்திருந்த உருண்டையை டாக்டர் இடப்பக்கம் உருட்டினார்.

திரையில் இதயம் இடப்பக்கம் திரும்பியது. கட்டிலில் நானும் திரும்பினேன்.

வலப்பக்கம் உருட்டினார். நானும் வலப்பக்கம் போனேன்.

"பெரியவரே, கொஞ்சம் சும்மா படுங்களேன்" என்றாள் நர்ஸ்.

சும்மா படுக்கத்தான் நானும் பார்க்கிறேன். யார் விடுகிறார்கள்?

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. செம்பு நிறத்தில் ஒரு வளையம். அதற்குள் இரண்டு அரைவட்டக் கதவுகள். சில வருஷங்களுக்கு முன் நெஞ்சைப் பிளந்து வைத்த செயற்கை வால்வு. துடிப்புக்குத் துடிப்பு ஒரு கதவு திறந்து மூடியது. இன்னொன்று அரசாங்க அலுவலக ஜன்னல் மாதிரி சாத்தியே கிடந்தது.

ரத்தக்கட்டி அடைத்திருந்தால் மறுபடி நெஞ்சைப் பிளக்க வேண்டும். இந்த வயதில் உடம்பு தாங்காது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். படத்தில் விழுந்த வெறும் நிழலாகவும் இருக்கலாமாம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

திருப்பினார். குப்புற விழுந்தேன்.

இன்னும் கொஞ்சம் திருப்பினார். மல்லாந்தேன்; வலது கால் மட்டும் அந்தரத்தில் நின்றது.

என் மேல் ஏதாவது ஒயர் ஒட்டியிருக்கிறதா என்று நர்ஸ் தேடினாள். ஒன்றும் இல்லை. ஏ.சி. அறையில் அவளுக்கு வேர்த்துவிட்டது.

கடைசியாக ஒரு தடவை தலைகீழாகப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஐயோ சாமி, வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் என் கால் இரண்டும் சுவரில் ஏறிவிட்டன. பல்செட் கழன்று தலையணையில் விழுந்தது.

மற்றவர்களுக்குப் படம் தலைகீழ். எனக்கு மட்டும் நேராகத் தெரிந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

இரண்டாவது கதவு மெல்ல அசைந்தது. திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

நிழல்தான். பாழாய்ப்போன நிழல்.

எல்லாம் நன்றாக வேலை செய்கிறது, குழாயை எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் திரையை அணைத்தார். படத்தை நேராக்கவில்லை. மனுஷருக்கு அடுத்த நோயாளியின் அவசரம்.

நர்ஸ் என்னைத் தாண்டிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். துணைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் உருண்டு விழுந்தானே என்று இரக்கப்பட்டு, என்னை இந்தக் காலிக் கட்டிலில் ஏற்றிவிட்டதே அவள்தான்.

அங்கே இம்மி அசையாமல் படுத்திருந்த என் மனைவியின் தொண்டையிலிருந்து, இத்தனை நேரம் அவள் இதயத்தைப் படம் பிடித்த எக்கோ குழாயை மெதுவாக உருவினாள்.

மனைவி கண் திறந்தாள். மயக்க மருந்து முழுசாகத் தெளியவில்லை. சுவரில் கால் வைத்து நின்ற என்னை, பாதத்தில் தொடங்கித் தலைவரைக்கும் பார்த்தாள்.

"கூட வந்த இடத்துலயும் என் மானத்த வாங்கணுமா?" என்றாள்.