பாதிக் கூடு

"பிறருக்கும் கூடு கட்டிக் கொடுத்தால் என்ன?" என்ற எண்ணம் தோன்றிய நாள்முதல் தூக்கணாங்குருவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதல் வாடிக்கையாளராக, குட்டி ஈனும் நாளை நெருங்கிய அணில் வந்தது. மழைக்கு முன் கூடு வேண்டும். கூலி ஒரு பிடி தினை.

குருவி ஐந்து நாள்கள் உழைத்து, நீண்ட குழல்வாயிலுடன் முழுக் கூட்டையும் பின்னி முடித்த பிறகே அணிலை அழைத்தது. குழலுக்குள் அணிலின் தலை நுழைந்தது; வயிறு நுழையவில்லை.

"குருவியாரே, இது கூடா, பொறியா?" என்று கேட்டுவிட்டு அணில் இறங்கிப் போயிற்று. மேற்கே மேகம் கறுத்திருந்தது.

சோர்ந்து திரும்பிய குருவியைப் பார்த்து அதன் மனைவி சிரித்தது. "எனக்குக் கட்டியபோது பாதியிலேயே நிறுத்திவிட்டு, 'வந்து பார், வந்து பார்' என்று தோப்பே அதிரக் கத்தினீரே! அணிலை மட்டும் ஏன் முடித்த பிறகு அழைத்தீர்?"

குருவி துள்ளி எழுந்தது. மாலைக்குள் இரு கிளைகளின் கவட்டில் பாதிக் கூடு ஒன்று உருவாயிற்று.

"அணிலக்கா! வந்து பாருங்கள்!"

அணில் ஏறி அமர்ந்தது. "வாயில் பக்கவாட்டில் இருக்கட்டும். வாலுக்கும் இடம் வேண்டுமையா!"

சொல்லச் சொல்லக் குருவி பின்னியது. கடைசி நாரை இழுத்து முடிச்சிட்டபோது முதல் மழைத்துளி விழுந்தது. உள்ளே அணில் நனையவில்லை.

மழை விட்டதும், மூன்று குட்டிகளின் கீச்சொலி கேட்டு மைனா எட்டிப் பார்த்தது.

"குருவியாரே, எனக்கும் ஒன்று வேண்டும். எப்போது முடிப்பீர்கள்?"

"முடிப்பதா?" குருவி சிறகை உதறிக்கொண்டு கிளம்பியது. "நாளைக் காலையில் பாதி தயார். அமர்ந்து பார்க்க வாருங்கள்!"