தண்ணீர் விடாத மாதங்கள்

டயாலிசிஸுக்குக் கிளம்பும்போது, என் கணவர் ஜன்னலோரத் தொட்டியின் மண்ணில் பெருவிரலை அழுத்திப் பார்த்தார். "இன்னும் ஈரம் இருக்கு. பனி போறவரைக்கும் உனக்கும் தண்ணி கிடையாதுடா, எனக்கும் கிடையாது" என்று, கையளவுகூட இல்லாத அந்தக் கள்ளிச்செடியிடம் சொல்லிச் சிரித்தார். சால்வையை வைத்துக்கொண்டு நின்ற என்னிடம், "போலாமா?" என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பவில்லை.

அவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவரும் அந்தச் செடியும் ஒரு கட்சி. "இவளுக்கென்னடா, சொம்பு சொம்பா குடிக்கிறா" என்று அதனிடம் என்னைப் பற்றிக் கோள் சொல்வார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடிப்பேன். தன் தாகத்தில்கூட எனக்கு அவர் பங்கு தரவில்லை. கொடுத்ததெல்லாம் அதற்குத்தான்.

மார்கழி, தை முழுக்க அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். பனி படாமல் உள்ளே எடுத்து வைப்பேன், விடிந்ததும் வெயில் காட்டுவேன். சக்களத்திக்குச் சோறு போடுவதுபோல இருக்கும்.

மாசிக் கடைசியில் அவர் தங்கை வசுமதி வந்தாள்.

"என்ன அண்ணி, செடி இப்படிச் சுருங்கிப்போச்சு! வெயில் வந்தா ஊத்தணும்னு அண்ணன் சொல்லுவாரே. ஊத்துங்க, செத்துடப் போகுது" என்று சொம்பை என் கையில் திணித்தாள்.

சாய்த்தேன். தண்ணீர் சொம்பின் விளிம்புக்கு வந்து நின்றது. ஊற்றினால் மண் கரைந்துவிடும்.

காய்ந்து இறுகிய அந்த மண்ணில் அவருடைய பெருவிரல் குழி அப்படியே இருந்தது.